வலது காது யாரிடம்?

"செத்தவன்ர போனை வைச்சுக்கொண்டு நாங்கள் என்ன செய்யிறது? என்னட்டைத் தாங்கோ. நானே பொலிஸில குடுத்திடுறன்" என்றார் இராஜசிங்கம்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை சரோஜினிதேவி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவன் என்று அண்ணன் சொன்னது அவருடைய ஒரே மகனை.

மாத்தளை திருகோணமலை வீதியில், புடைவைக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது வாகினியின் துப்பறியும் அலுவலகம். காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகப் பலகை மாட்டியவள் அவள். அவளுடைய உதவியாளன் றம்ஸீன் போன் சாமான் கடை வைத்திருந்தவன். விற்றதைவிட அதிகமாகப் பேசியதால் கடை படுத்துவிட்டது. வாய் மட்டும் படுக்கவில்லை.

மேசையில் கிடந்த போனின் கண்ணாடி சிலந்தி வலைபோல் வெடித்திருந்தது. பின்மூடியில் ஒரு குருவிப் படம் ஒட்டியிருந்தது. மகன் உமாசுதன் மலையில் பறவைச் சத்தங்களைப் பதிவு செய்பவன். போன வெள்ளிக்கிழமை ரிவர்ஸ்டன் மலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனைத் தேடிப்போன நண்பன் இந்திரகுமார், மலை விளிம்பின் கம்பி வேலியில் சுதனுடைய ஹெட்போன் தொங்குவதைப் பார்த்துப் பொலிஸுக்குச் சொன்னான். இன்று விடியக் கீழ்ச் சரிவில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன பெண் ஒருத்தி இந்தப் போனைக் கண்டெடுத்தாள். குருவிப் படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, நேரே இரத்தோட்டையிலிருந்த தாயிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

"மத்தியானம் வரைக்கும் எனக்குத் தாங்கோ ஐயா" என்றாள் வாகினி. "பிறகு அன்ரியே பொலிஸில குடுக்கட்டும்."

இராஜசிங்கம் விடுவதாக இல்லை. "ஏன் மத்தியானம் வரைக்கும்? தாய் மனுசியை ஏன் அலைக்கழிக்கிறியள்?"

"நான் அலையிறன் அண்ணா" என்றார் சரோஜினிதேவி. அன்று காலை அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். "நீங்கள் வீட்டை போங்கோ."

வெள்ளைச் சேட்டின் கொலரைச் சரிசெய்துகொண்டு இராஜசிங்கம் படியிறங்கினார். அவர் காலடிச் சத்தம் தெருவில் கரையும்வரை பொறுத்திருந்த வாகினி, பின்மூடியின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். 'டக்' என்று மூடி கையோடு வந்தது.

"அட! நகத்தால தொறக்கிற ஜாதியா?" றம்ஸீன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான். "இந்த மாதிரி போன் லேசுல கெடைக்காது மிஸ். பேட்டரி செத்தா பேட்டரிய மாத்தலாம், கெமரா செத்தா கெமராவ மாத்தலாம். மத்தக் கம்பனிக்காரனுங்க எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டி, 'செத்தா அடக்கம் பண்ணிட்டுப் புதுசு வாங்கு'ங்குறான். இது அப்பிடியில்ல. இதுக்கு மறுபிறப்பு ஈக்குது."

"வாயைக் குறைச்சு, ஆணியைக் கழட்டும்."

அவன் சாவிக்கொத்தில் ஒரு குட்டித் திருப்புளி எப்போதும் தொங்கும். ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள் தகட்டைத் தூக்கினான். அடுத்த பகிடிக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"மிஸ், இதுக்குள்ள மூளையக் காணல்ல."

"என்ன?"

"மதர்போட். பேட்டரி ஈக்குது, ஸ்பீக்கர் ஈக்குது, கெமரா ஈக்குது. மதர்போட் இருக்க வேண்டிய எடம் வெறும் குழி. இது போனே இல்ல, போனோட சட்ட."

வாகினி வெடித்த கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வெடிப்புகளுக்குள் பழைய அழுக்கு கறுப்பாக இறங்கியிருந்தது. போன வெள்ளிக்கிழமை உடைந்த கண்ணாடியில் இவ்வளவு அழுக்கு ஏறாது. "மலையில இருந்து விழுந்த போன் மூளையை மட்டும் கழட்டி எறிஞ்சுபோட்டு, ஆணியளைத் திரும்ப முறுக்கிக்கொள்ளுமோ றம்ஸீன்?"

"விழுந்த போன் அவ்வளவு கெட்டிக்காரப் போன்னா நம்ம ஒப்பீஸுல வேலைக்கு எடுக்கலாம்."

சரோஜினிதேவி மெல்ல எழுந்து மேசைக்குக் கிட்ட வந்தார். ஓய்வுபெற்ற மருத்துவத் தாதி அவர். பார்த்த கோலத்துக்கு உடனே கலங்காமல், என்ன நடந்தது என்று முதலில் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. "உதிரிப் பாகங்களுக்கெண்டு இதே மாதிரிச் செத்த போன் ஒண்டை வாங்கி, பிஸ்கட் டின்னுக்கை வைச்சிருந்தான். போன கிழமை அலுமாரி துடைக்கேக்க அந்த டின் வெறுமனே கிடந்தது. நான் யோசிக்கேல்ல." அவர் அந்த வெறும் குழியை விரலால் தொட்டார். "வாகினி, அப்ப இது அவன் எறிஞ்சதோ?"

"எறிஞ்சிருக்கலாம் அன்ரி. ஆசையை வளர்க்காதேங்கோ. அந்த ஹெட்போன் படம் உங்களிட்ட இருக்குதெல்லே?"

இந்திரகுமார் எடுத்து அனுப்பிய படம் அவருடைய போனில் இருந்தது. கம்பி வேலியில் கறுப்பு ஹெட்போன் தொங்கியது. அதன் வயர் அழகாகச் சுருட்டி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. றம்ஸீன் படத்தைப் பெரிதாக்கினான்.

"இங்க பாருங்க மிஸ். இது வயர் ஹெட்போன். ஆனா இந்த ரகப் போன்ல வயர் குத்துற ஓட்டையே கெடையாது. நடுவுல ஒரு குட்டி இணைப்பு வயர் வேணும். இந்தப் படத்துல அது இல்ல."

"கழட்டி எடுத்திருக்கிறான்" என்றாள் வாகினி. "சாகப் போறவன் இணைப்பு வயரைக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போடுவானோ?"

"போற எடத்துல குத்துறதுக்கு ஒரு போன் இருந்தாத்தான் மிஸ் எடுத்துட்டுப் போவான்."

ஹெட்போனை முதலில் கண்டவன் இந்திரகுமார். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மொத்தக் கடை வைத்திருப்பவன். வாகினி கைப்பையை எடுத்தாள். றம்ஸீன் வேன் சாவியை எடுத்தான். தானும் வருவதாகச் சரோஜினிதேவி சொல்லவில்லை, எல்லோருக்கும் முன்னால் படியிறங்கினார்.

வேன் நாலந்தையைத் தாண்டும்போது வாகினி கைப்பையிலிருந்து தன் இயர்போனை வெளியே இழுத்தாள். கூடவே ஒரு பேனாவும் ஒரு சீப்பும் அதில் சிக்கிக்கொண்டு வந்தன.

"மிஸ் பையில இடியப்பம் அவிக்கிறீங்களா?" என்றான் றம்ஸீன். "வயர் இல்லாதது ஒண்ணு வாங்குங்க மிஸ். எங்கயும் கொழுவாது, சிக்காது."

"சார்ஜ் முடிஞ்சால்?"

"முடிஞ்சா காதுல பஞ்சு வெச்ச மாதிரி ஈக்கும்."

"துலைஞ்சால்?"

"அதக் கேக்காதீங்க. என்ட வலது காது கண்டி பஸ்ல போச்சு. ஒரு வருஷமா எடது காதுல மட்டும்தான் பாட்டு. பாட்டுக்காரன் வருவான், தபேலாக்காரன் வரமாட்டான்."

பின் இருக்கையிலிருந்து சரோஜினிதேவி சொன்னார்: "சுதனிட்ட ரெண்டும் கிடந்தது. பதிவு செய்யேக்க வயர் இல்லாததைத் தொடமாட்டான். அதிலை சத்தம் பிந்தித்தான் வருமாம். குருவி பறந்து போன பிறகுதான் அதின்ர சத்தம் காதுக்கு வருமெண்டு சொல்லுவான். வீட்டிலை பாட்டுக் கேக்கத்தான் மற்றதைப் போடுறது. வெள்ளைப் பெட்டி. வேற ஆரிண்டையோடும் மாறாமல் இருக்க மூடியில நான்தான் நீல நகப்பூச்சாலை பொட்டு வைச்சன்." ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டியும் இப்ப வீட்டிலை இல்லை" என்றார்.

வாகினி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு றம்ஸீனைப் பார்த்தாள். அவன் கியரை மாற்றினான்.

தம்புள்ளையில் லொறிகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. வெங்காயச் சருகு காற்றில் பறந்தது. முதுகில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகள் "பஸ்ஸ! பஸ்ஸ!" என்று சிங்களத்தில் வழி கேட்டுக்கொண்டு ஓடினார்கள். சரோஜினிதேவியை வேனில் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

இந்திரகுமாரின் கடையில் கரட்டும் லீக்ஸும் மலைபோல் குவிந்திருந்தன. அவன் இடது காதில் ஒரு வெள்ளைக் குமிழ். மேசைமீது வெள்ளைப் பெட்டி ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. மூடியில் நீலப் பொட்டு.

"சுதனோட செட்டுதானுங்க" என்று இந்திரகுமார் அவர்கள் கேட்குமுன்னமே சொன்னான். "எனக்குன்னு தந்தான். நல்ல மனுசன். ஞாபகத்துக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்." கண்ணைத் துடைத்தான். கண் கலங்கியது உண்மைதான். பக்கத்துக் கடையில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மற்றக் காது எங்க?" என்றாள் வாகினி.

"வலதுங்களா? அது தொலைஞ்சு போச்சுங்க. எப்பவோ."

"கஷ்டம்தான் தம்பி. எனக்கும் அப்படித்தான்" என்று அனுதாபப்பட்ட றம்ஸீன், பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்குவமாகத் திரும்ப வைத்தான். பிறகு வாகினியின் கையைத் தொட்டு, கரட் குவியலுக்கு அப்பால் அழைத்துப் போனான்.

"மிஸ், பொய். எனக்கு வலது காது தொலைஞ்சு ஒரு வருஷம். என்ட பெட்டியில அந்தக் குழி பூராத் தூசு, நூல் துண்டு. ஒரு எறும்புக் குடும்பமே இருந்திச்சு. இந்தச் சந்தையில சருகு எப்பிடிப் பறக்குதுன்னு பாருங்க. அவன் பெட்டியில ரெண்டு குழியும் கழுவி வெச்ச மாதிரி ஈக்குது. தினமும் ரெண்டும் அதுக்குள்ள படுத்து எந்திரிக்குது."

வாகினியின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப வலது காது இப்ப இன்னொருவர்ர காதில இருக்குது. அது எவ்வளவு தூரம் வேலை செய்யும்?"

"சும்மா எடமா இருந்தா கொஞ்சம் தூரம் போகும். இவ்வளவு சனம், இவ்வளவு மூட்டைக்கு நடுவுல இந்த மண்டபத்தத் தாண்டாது மிஸ்."

"நீர் நிண்டு கரட் விலை கேளும். கண் மட்டும் சனத்திலை இருக்கோணும். ஆரின்ர கை காதுக்குப் போகுதெண்டு பாரும்."

அவள் வேன் பக்கம் போனாள். றம்ஸீன் ஒரு கரட்டை எடுத்து, அதன் குலம் கோத்திரம் விசாரிப்பவன்போல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். மிஸ் என்ன செய்யப் போகிறாள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. மகன் காணாமல் போன நாள் தொட்டுச் சரோஜினிதேவி இந்திரகுமாருக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுத்துப் புதினம் கேட்பவர். இப்போதும் அப்படி ஒரு அழைப்பு வரும். போன் ஒன்று, ஆனால் காது இரண்டு.

மேசையிலிருந்த போன் அதிர்ந்தது. இந்திரகுமார் இடது காதைத் தொட்டான். "சொல்லுங்க ஆன்டி."

மண்டபத்தில் எந்தக் கையும் காதுக்குப் போகவில்லை. நாட்டாமிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தராசுக்காரன் கத்திக்கொண்டிருந்தான். றம்ஸீனின் கண் சனத்துக்குள் அலைந்தது. கணக்குத் தவறிவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தான்.

அப்போது பச்சை இலை பிதுங்கும் கோவா மூட்டையைச் சுமந்து வந்த ஒருவன் நடுவழியில் நின்றான். மொட்டைத் தலை, மீசையும் இல்லை. பிடரியோடு இழுத்துப் போட்டிருந்த சாக்குத் துணி காதுகளை மூடியிருந்தது. இரண்டு கையும் மூட்டையில் இருந்ததால் காதைத் தொட அவனுக்கு வழியில்லை. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு திட்டினார்கள். அவன் அசையவில்லை. பிறகு மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டான்.

றம்ஸீன் போய் அவன் முன்னால் குந்தினான்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

அவன் நிமிர்ந்தான். அந்நியன் ஒருவன் கேட்கிறான் என்ற பயத்தையும் மீறிக்கொண்டு அழுகை வந்தது. "'நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும், சாப்பிட்டியோ' எண்டு கேட்டவ."

"அதுக்குப் பதில் சொல்ல அந்தச் சின்னக் குமிழ் போதாது தம்பி. அவங்க வெளிய வேன்ல ஈக்கிறாங்க. எந்திரிங்க."

வேனுக்குள் தாயும் மகனும் இருந்த கொஞ்ச நேரம் மற்றவர்கள் வெளியே நின்றார்கள். "எங்க வீட்டுல யாரும் நம்மள இப்பிடித் தேட மாட்டாங்க மிஸ்" என்றான் றம்ஸீன். "உம்மட சத்தம் அடுத்த ஊருக்கே கேக்கும். தேட வேண்டியதில்லை" என்றாள் வாகினி.

இந்திரகுமார் எல்லாவற்றையும் சொன்னான். சுதனின் உண்மையான போனில் ஒரு பதிவு இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், பனிமூட்டத்துக்குள் அவன் காற்றின் சத்தத்தைப் பதிவு செய்தபோது, கீழே இருவர் பேசியது அதில் விழுந்துவிட்டது. அவர்களில் ஒருவன் இவன் அசைவைக் கண்டு விரட்ட, ஓடிய ஓட்டத்தில் கல்லில் விழுந்து போனின் திரை கறுத்துப்போனது. திரை இல்லாமல் பதிவைத் திறக்க முடியாது. டின்னிலிருந்த பழைய போனின் திரையோ ஏற்கெனவே உடைந்திருந்தது. கொழும்பிலிருந்து புதுத் திரை வரவேண்டும். அதுவரை உயிரோடு இருப்பது வெளியே தெரியக் கூடாது. அதனால் ஹெட்போனை வேலியில் மாட்டினார்கள். மூளையில்லாத போனுக்குக் குருவிப் பின்மூடியை மாட்டிச் சரிவில் எறிந்தார்கள்.

"பார்சல் இன்னைக்குக் காலை பஸ்லதாங்க வந்துச்சு" என்று ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான்.

வேனின் பின் இருக்கையில் வைத்துச் சுதனே திரையை மாற்றினான். றம்ஸீன் தன் குட்டித் திருப்புளியைக் கொடுத்துவிட்டு, சாமான் கடைக்காரனின் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். பழைய திரையைக் கழற்றிப் புதியதை அழுத்தி, ஆணிகளை முறுக்கியதும் போன் கண் விழித்தது.

சுதன் சட்டைப் பையிலிருந்து இணைப்பு வயரை எடுத்தான். அதில் வாகினி தன் இயர்போனைக் குத்தினாள். ஒன்றை அவள் காதில் வைத்து, மற்றதைச் சரோஜினிதேவியிடம் கொடுத்தாள். வயர் குட்டையானதால் இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிய வேண்டியிருந்தது.

றம்ஸீனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முகங்களைத்தான் பார்த்தான். வாகினியின் புருவம் சுருங்கியது. சரோஜினிதேவியின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, ஏதோ கசப்பானதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருப்பவர்போல் வாய் இறுகியது. கண்கள் மகனிடம் போயின. மகன் தலையைக் குனிந்தான்.

"திரும்ப ஒருக்கா போடு" என்றார்.

திரும்பக் கேட்டார். காதிலிருந்து கழற்றினார்.

"இது அண்ணா."

றம்ஸீன் திடுக்கிட்டான். "இராஜசிங்கம் ஐயாவா?"

"'பொன்னையாவை அடிச்ச லொறிக்கு வேற நிறம் பூசியாச்சு, இனிக் கோவா மூட்டைக்குக் கீழ மரம் ஏத்தலாம், பயப்படாதை' எண்டு ஆருக்கோ சொல்லுறார்." சொல்லும்போது அவர் குரல் தாழவுமில்லை, உயரவுமில்லை. மரக் கடத்தலைத் தடுத்துவந்த காட்டுக் காவலர் பொன்னையாவைப் போன மாதம் ஒரு லொறி அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

"அண்டைக்கு இரவுச் சாப்பாட்டிலை மாமா கேட்டவர், 'இண்டைக்கு எங்க பதிவு செய்யப் போனனீ' எண்டு" என்றான் சுதன். "சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர். அவர் எங்கட வீட்டிலைதானே அம்மா இருக்கிறார். நீங்கள் போன் எடுக்கேக்கயும் அவர் பக்கத்திலை. நான் எப்பிடி உங்களோட கதைக்கிறது? கேக்கத்தான் முடிஞ்சுது."

வாகினி போனை எடுத்தாள். "இனிப் பொலிஸுக்குச் சொல்லுவம். ஆனால் உங்கட அண்ணர் ஓடிடக் கூடாது. விட்டால் கொழும்புக்குப் போயிடுவார்."

"ஓடமாட்டார்" என்றார் சரோஜினிதேவி. தன்னுடைய போனில் அண்ணனுக்கு எடுத்தார். அழுது களைத்துப்போன ஒரு தாயின் குரல் அது, அச்சுப்பிசகாமல். "அண்ணா... வாகினியாலை ஒண்டும் ஏலாதாம். போனை நான் மாத்தளைப் பொலிஸில குடுக்கப் போறன். உடைஞ்சதெண்டாலும் உள்ளுக்குள்ள இருக்கிறதைப் பொலிஸ் எடுக்கலாமாம்... இல்லை அண்ணா, நானே கொண்டுபோறன்... சரி. அப்ப பொலிஸ் வாசல் கேற்றடியில நில்லுங்கோ. வந்து தாறன்."

திரும்பும் வழியில் றம்ஸீன் வேனை விரட்டினான். வாகினி வழியெல்லாம் பொலிஸில் தனக்குத் தெரிந்த ஒரு அதிகாரியோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தாள். பதிவின் ஒரு பிரதி அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

மாத்தளைப் பொலிஸ் நிலைய வாசலில், கார்க் கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு இராஜசிங்கம் நின்றார். வாங்கியதும் ஏறிப் போக வசதியாக. றம்ஸீன் வேனைக் கொண்டுபோய்க் காரின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினான்.

"பார்க் பண்ணத் தெரியாதவன்னு நெனச்சுக்கட்டும் மிஸ்."

சரோஜினிதேவி இறங்கினார். இராஜசிங்கம் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "கொண்டா பிள்ளை, நீ ஏன் உள்ளுக்க வந்து கஷ்டப்படுறாய்..."

தாய்க்குப் பின்னால் மொட்டைத் தலையோடு சுதன் வேனிலிருந்து இறங்கினான்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. இராஜசிங்கம் காரைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். வேனின் ஜன்னல் வழியாக றம்ஸீன் அவருக்கு மரியாதையாகத் தலையசைத்தான்.

சரோஜினிதேவி அண்ணனைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார். மகனும் வாகினியும் பின்னால் போனார்கள். மேசையில் தமிழ் பேசும் சார்ஜன்ட் ஒருவர் இருந்தார்.

"நான் முறைப்பாடு ஒண்டு குடுக்கோணும்" என்றார் சரோஜினிதேவி.

"உட்காருங்க அம்மா. யார் மேல?"

"என்ர சொந்த அண்ணன் மேல."

சார்ஜன்ட் பேனாவைத் திறந்தார். "ஆள் இப்ப எங்க இருக்கிறாருன்னு தெரியுமா?"

"ஓம்" என்றார் சரோஜினிதேவி, கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டு. "உங்கட கேற்றடியிலதான் நிக்கிறார். நான்தான் வரச் சொன்னனான்."